பிரம்பு அல்ல, ஆள் வேண்டும்!

சூளையில் பொம்மை வெடித்தால் விருத்தாசலம் பீங்கான் தொழிலாளி பொம்மையைத் திட்டுவதில்லை. ஈரம் காயுமுன் அடுக்கினோமா, நெருப்பை அவசரமாக ஏற்றினோமா என்று விசாரிக்கிறான். ஆனால் அவன் மகன் வகுப்பில் அடிதடியில் இறங்கினால், எதிர்த்துப் பேசினால், விசாரணை ஏது? "முட்டி போடு!", "வெளியே போ!", முடிவில் "டி.சி.யை வாங்கிக்கொள்!" இதுதான் தீர்ப்பு.

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடியையும் மன உபாதையையும் தடுக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கவும் கூடாது என்கிறது. "பிரம்பையும் பிடுங்கிக்கொண்டால் நாங்கள் என்னதான் செய்வது?" என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விஞ்ஞானம் பதில் வைத்திருக்கிறது.

கலகத்துக்கு முன் என்ன நடந்தது, அதனால் பையனுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும் என்பது அந்தப் பதிலின் முதல் பாடம். வாசிக்கத் தெரியாத பையன், தன் முறை வரும்போது புத்தகத்தை வீசுகிறான். வெளியே அனுப்புகிறோம். அவமானத்திலிருந்து தப்பினான், அவன் விரும்பியதும் அதுதான்! நாளையும் வீசுவான். அவனுக்குத் தேவை தண்டனையல்ல. தனியே உட்கார்ந்து எழுத்துக் கூட்டிச் சொல்லித்தர ஓர் ஆள். சோவியத் நாட்டில் 1920-ல் பொல்தாவா அருகே குற்றம் புரிந்த சிறுவர்களை ஏற்ற மகரெங்கோ, அவர்களைக் கூட்டு உழைப்பாலும் பொறுப்பாலும் மனிதர்களாக்கினார்.

இரண்டாவது பாடம் நம் நாட்டிலேயே கிடைத்தது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடந்தது. முடிவு 2018-ல் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. சில பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர் அமர்த்தப்பட்டார். வேறு சிலவற்றில் அதே வேலை ஆசிரியர் தலையில் கூடுதலாக ஏற்றப்பட்டது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் வன்முறையும் சக மாணவர் கொடுமையும் மனச்சோர்வும் குறைந்தன. ஆசிரியரிடம் விட்ட இடங்களில் பலன் தென்படவில்லை. ஆசிரியரின் அக்கறையில் குறையில்லை. ஒரு மனிதன் எத்தனை சுமை தூக்குவான்?

பையன் மட்டுமா பிரச்னை? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். அந்த அரிவாளைக் கூர்தீட்டியது சாதி. அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பெரிய உயர்நிலைப் பள்ளிகளுக்கு மாணவர் நல அதிகாரிகள் வேண்டுமென்று சிபாரிசு செய்தது. அந்தச் சிபாரிசு காகிதத்திலேயே உறங்கலாகாது.

நாம் கோருவது இதுதான்: பள்ளிதோறும் பயிற்சி பெற்ற ஆலோசகர், ஒப்பந்தக் கூலியாக அல்ல, நிரந்தர ஊழியராக! ஆசிரியர் காலியிடங்களை நிரப்பு! பள்ளிக்குள் சாதி அடையாளங்களுக்கு இடம் தராதே!

காசில்லை என்பார்கள். பள்ளியில் மிச்சம் பிடிக்கும் காசைப் போலீஸ் நிலையத்திலும் சீர்திருத்தப் பள்ளியிலும் செலவழிப்பதா சிக்கனம்? பெற்றோரே, ஆசிரியத் தோழர்களே! ஒருவர்மீது ஒருவர் பழி போடுவதை விடுவோம். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இக்கோரிக்கைகளைச் சேர்ந்தே எழுப்புவோம். வெடித்த பொம்மைக்குப் பதில் வேறொன்று வார்க்கலாம். பிள்ளைக்கு மாற்று வார்ப்பு இல்லை.