பச்சை என்றால் பச்சையா?

சிவகாசிப் பட்டாசுப் பெட்டி ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். எப்படிப் பற்ற வைப்பது, எதைச் செய்யக் கூடாது என்பதெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். அதைச் செய்தவர் வீட்டுப் பிள்ளையோ, 'மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' கட்டுரையை உருப்போட்டுக்கொண்டிருக்கும். பரீட்சை முடிந்ததும் ஃப்ரெண்டும் போச்சு, இங்கிலீஷும் போச்சு!

இதற்கு 1995-லேயே ஒரு வைத்தியம் வந்துவிட்டது. அமெரிக்காவில் சான் டியாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பெர்னி டாட்ஜ், டாம் மார்ச் என்பவரோடு சேர்ந்து உருவாக்கிய 'வெப்க்வெஸ்ட்'. ரொம்ப சிம்பிள். பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு வேஷம் கொடுத்து, நிஜமான சிக்கல் ஒன்றை முன்னால் வைப்பது. படிக்க வேண்டிய இணையப் பக்கங்களை வாத்தியாரே பொறுக்கிக் கொடுத்துவிடுவார். ஆனால், படித்ததை ஒப்பிக்கக் கூடாது. ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

"அதெல்லாம் அமெரிக்காவுக்குச் சரி சார்!" என்பீர்கள். புதுச்சேரியைச் சேர்ந்த காளிக்குப்பத்துக்கு வாருங்கள்.

1999-ல் டெல்லியில் சுவரில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டர் வைத்தாரே சுகதா மித்ரா, அவர் இங்கேயும் வைத்தார். தமிழ் மட்டும் பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள். பாடம், மரபணு விஷயம். அதுவும் இங்கிலீஷில். வாத்தியார் கிடையாது. இரண்டு மாதத்தில் பிள்ளைகள் 30 சதவீதம் எடுத்தார்கள். பிறகு, அவர்களோடு விளையாடும் 22 வயதுப் பெண்ணைத் துணைக்கு வைத்தார். அவருக்கு உயிரியல் தெரியாது. உத்தியோகம் அக்கவுன்டன்ட்! (பி.காம். படித்தவன் என்ற முறையில் காலரைத் தூக்கி விட்டுக்கொள்கிறேன்.) பேரனைப் பார்த்துப் பாட்டி வியப்பது மாதிரி பின்னால் நின்று வியப்பதுதான் அவர் வேலை. இன்னும் இரண்டு மாதத்தில் 50 சதவீதம்! 2010-ல் இது ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது.

பிள்ளைகள் தேடிப் போனது மரபணுவை. ஆனால் இங்கிலீஷைத் தாண்டாமல் அங்கே போக முடியாதே!

சிவகாசிக்கு இதைவிட நல்ல கேள்வி இருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டது. 'கிரீன் கிராக்கர்' வகைக்குத்தான் அனுமதி என்றது. வாணவெடியில் பச்சை நிறம் கொடுப்பதே பேரியம்தான். ஆக, கிரீன் பட்டாசில் கிரீன் தருகிற மருந்து கூடாது! ஏன்?

நாலு பிள்ளைகளை உட்கார வையுங்கள். ஒருவன் ஆலை முதலாளி. ஒருத்தி மருந்து செலுத்தும் தொழிலாளி. இன்னொருத்தி, மூச்சிரைப்பால் தவிக்கும் டெல்லிக் குழந்தையின் அம்மா. நாலாவது ஆள் நீதிபதி. சுலபமான நாலைந்து பக்கங்களைப் படிக்கக் கொடுத்து, அவரவர் கட்சியை இங்கிலீஷில் எழுதச் சொல்லுங்கள். சொந்த அம்மாவின் கூலியைப் பற்றி எழுதும்போது தப்பு விழுந்தால் பிள்ளைக்கே பொறுக்காது.

"இப்பத்தான் செல்போனே கட்டுரை எழுதித் தருதே?" என்கிறீர்களா? தரும். ஆனால் சரவெடி நின்றதில் உங்கள் தெருவில் யார் யாருக்கு வேலை போச்சு என்று அதற்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் தமிழில் விசாரித்துவிட்டுத்தான் இங்கிலீஷில் எழுத வேண்டும்.

இதற்கு வாத்தியார் இங்கிலீஷ் புலியாக இருக்க வேண்டியதில்லை. வியக்கத் தெரிந்தால் போதும். நமக்கு அதுதானே வராது? பிள்ளை ஒன்றைக் கண்டுபிடித்து ஓடி வந்து சொன்னால், "அதிகப்பிரசங்கி!" என்று நமுத்துப்போக வைத்துவிடுகிறோம். நமுத்த வெடியை வெயிலில் காய வைக்கலாம். பிள்ளையை?