விநாடியும் இராகுகாலமும்

உலகக் கடிகாரத்தில் அவ்வப்போது ஒரு விநாடியைக் கூட்டிவரும் வழக்கத்துக்கு முடிவு வரப்போகிறது. 2022-ம் வருஷம் நவம்பர் மாதம் பாரீசுக்கு அடுத்த வெர்சேல்சில் கூடிய எடை, அளவைகளின் பொது மாநாட்டில், பூமியின் சுழற்சிக்கும் கடிகாரத்துக்கும் இருக்கலாமென்ற வித்தியாசத்தின் எல்லையை 2035-ம் வருஷத்துக்குள் பெரிதாக்கிவிடுவதென்று தீர்மானித்திருக்கிறார்கள். மல்லாங்கிணற்றுக் கரிசலில் மழையை எதிர்பார்த்து விதைக்கும் நமக்கு இதில் என்ன வேலையென்று தோழர்கள் கேட்கலாம். நம் தலைமேல் ஏறியிருக்கும் ஒரு பெரும் புரட்டு இந்த விஷயத்தில் வெளிப்படுகிறபடியால்தான் எழுதுகின்றோம்.

முதலில் சங்கதி இன்னதென்று பார்ப்போம். 1967-ம் வருஷம் முதல் ஒரு விநாடி என்பது சீசியம் என்னும் உலோகத்தின் அணுவைக் கொண்டு, 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகள் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. பூமி அவ்வளவு ஒழுங்காகச் சுழல்வதில்லை. சந்திரனால் உண்டாகும் கடல் ஏற்றவற்றம் அதன் சுழற்சியை மெல்ல மெல்லக் குறைக்கிறது. ஆகவே 1972 முதல் 27 விநாடிகளை இடையிடையே சேர்த்தார்கள். கடைசியாகச் சேர்த்தது 2017 ஜனவரி முதல் தேதி, நம் கணக்கில் காலை 5½ மணிக்கு முந்திய விநாடி. இப்படித் திடீரென்று நுழையும் விநாடியால் கணினிகள் தடுமாறுகின்றன. 2012-ல் அப்படியே நடந்தது. ஆதலால் நிறுத்தலாம் என்கிறார்கள்.

கடிகாரம் சூரியனை விட்டு விலகலாமா என்று சிலர் அஞ்சுகிறார்கள். இந்திய நேரம் என்பது கிழக்கே 82½ பாகையின் நேரம். மல்லாங்கிணறு இருப்பதோ ஏறக்குறைய 78 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிஷமாகக் கணக்கிட்டால், கடிகாரம் 12 அடித்துச் சராசரி 18 நிமிஷம் சென்ற பிறகே நமக்கு உச்சிப்பொழுது. இந்த 18 நிமிஷத்தால் எந்தப் பயிர் கருகிற்று? எந்தப் பசு கறவாமற் போயிற்று?

நிற்க, நம் நாட்டுச் சரித்திரத்தையே பாருங்கள். 1802-ல் கோல்டிங்ஹாம் என்ற வானசாஸ்திரி சென்னை வானாராய்ச்சிக் கூடத்தைக் கொண்டு கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முந்தியதாகச் சென்னை நேரத்தை வகுத்தார். ரயில்களும் அதன்படி ஓடின. 1906-ல் அதைத் தள்ளி 5½ மணி என்று வைத்தார்கள்; சென்னைக் கடிகாரம் 9 நிமிஷம் தாவிற்று. கல்கத்தா தன் சொந்த நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் வைத்துக்கொண்டிருந்தன. யுத்தத்துக்காக 1942 முதல் 1945 வரை எல்லோருடைய கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள்.

இப்போது புரோகிதத் தோழர்களைக் கேட்கின்றோம். திங்கட்கிழமை காலை 7½ முதல் 9 வரை இராகுகாலம் என்று நாட்காட்டியில் அச்சடித்து எல்லா ஊருக்கும் விற்கப்படுகிறதே, அந்த இராகு 1906-ல் 9 நிமிஷம் நகர்ந்தாரா? யுத்தகாலத்தில் சர்க்கார் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு ஒரு மணி நேரம் முந்தி எழுந்தாரா? 'சூரிய உதயத்திலிருந்து பகலை எட்டாகப் பங்கிட வேண்டும்' என்று சொல்வீர்களானால், உதயம் எல்லா ஊரிலும் எல்லா மாதத்திலும் 6 மணிக்கா நடக்கிறது? அப்படியானால் அச்சடித்த அந்த 7½ மணி யாரை ஏமாற்ற?

இது விளையாட்டல்ல. பிரசவ நோவு கண்ட பெண்ணைக்கூட, 'இராகுகாலம் கழியட்டும்' என்று வாசலில் நிறுத்தி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஒன்றரை மணியில் போகும் உயிருக்குப் பஞ்சாங்கக்காரர் ஜவாப் சொல்வாரா?

விஞ்ஞானிகள் தங்கள் கணக்கில் ஒரு விநாடி இடிப்பதை ஒளிக்கவில்லை. உலகறியக் கூடிப் பேசி, வாதாடி, மாற்றத்துக்குத் தவணையும் வைத்தார்கள். நேரம் என்பது மனிதன் தன் சௌகரியத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. தேவையானால் மாற்றிக்கொள்ளவும் அவனுக்கு உரிமையுண்டு. ஆகவே தோழர்களே, இனி எவரேனும் நேரம் சரியில்லை என்று உங்கள் காரியத்தைத் தடுத்தால், 'எந்த ஊர்க் கடிகாரப்படி?' என்று கேட்டுவிட்டு, ஆகவேண்டிய காரியத்தைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.