ஓய்வு மட்டும் மருந்தாகுமா?

மின்கம்பிக்கு மேலுறை எப்படியோ, அப்படியே நரம்பிழைக்கு மயலின் உறை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே அவ்வுறையை அரிக்கத் தொடங்கினால் வருவது ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்னும் நோய். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! மூளையின் கட்டளை காலுக்குச் சேரத் தாமதமாகிறது, நடை தளர்கிறது. பலருக்குச் சிந்தனையின் விரைவும் குறைகிறது. பேசிக்கொண்டே நடப்பது நமக்கு எளிது. அவர்களுக்கோ பேச்சில் மனம் சென்றால் கால் தடுமாறுகிறது.

1890-இல் ஜெர்மானிய மருத்துவர் ஊட்ஹாஃப், உடலை வருத்தினால் இந்நோயாளருக்குப் பார்வை மங்குவதைக் கண்டார். உடற்சூடு தணிந்ததும் அது மீள்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆயினும், ‘அசையாதே, ஓய்வெடு’ என்பதே நெடுங்காலம் மருத்துவ அறிவுரையாக இருந்தது.

1996-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளருக்கு 15 வாரம் உடற்பயிற்சி அளித்தனர். நோய் மோசமாகவில்லை, உடல் வலுப்பெற்றது. இயன்றவர்க்கு வாரம் 150 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று 2020-இல் வல்லுநர்கள் பரிந்துரைத்தனர்.

சிந்தனையும் கூர்மையாகுமா? நோய் முற்றிவரும் நிலையில் உள்ள 311 பேரிடம், ஆறு நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. உடற்பயிற்சியோடு மூளைப்பயிற்சியைச் சேர்த்தும் சிந்தனை விரைவில் கூடுதல் பயன் தெரியவில்லை.

ஆகவே நண்பர்களே, உடற்பயிற்சியை மாயமருந்தென்று புகழவும் வேண்டாம். ஓய்வென்ற பெயரில் ஒருவரை மூலையில் உட்கார வைக்கவும் வேண்டாம். தள்ளாடி நடப்பவரைக் கண்டு நகைப்பதும், களைத்தவரைச் சோம்பேறி என்பதும் அறியாமை. அவர் நடக்கையில் கேள்விகளால் துளைக்காமல், அவர் வேகத்திலேயே உடன் நடப்போம். நம்மால் இயன்ற உதவி அதுவே!