ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: வீட்டுப் புல்தரைக்கும் கணக்கு வேண்டும்



கடையில் ஒரு கிலோ துவரம்பருப்புக்குப் பத்துப் பைசா வித்தியாசம் வந்தால் நாலு மண்டிக்குப் போன் போட்டு விசாரிக்கிறவர்கள் நாம். மூட்டைக்குச் சுமை கூலி எவ்வளவு, சாக்கு எடை எவ்வளவு, உதிர்வு எவ்வளவு என்று கணக்குப் போட்ட பிறகுதான் விலை சொல்கிறோம். ஆனால் அதே நாம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் பென்சிலைக் காதில் செருகியபடியே மறந்துவிடுகிறோம். கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்குக் கணக்கே இல்லை என்பதுதான் நம்மில் பலருடைய நடைமுறை. இதனால் வரும் நட்டத்தை வேறு யார் மேலும் ஏற்றிச் சொல்லாமல், காவாந்தண்டலத்தில் மளிகைக் கடை நடத்தும் நாங்கள் பட்டதையே இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கடை பார்க்கிறோம். தை மாதம் புதுமனை புகுவிழா நடந்தது. வீட்டின் முன்பக்கம் 25 அடிக்கு 40 அடி இடம் காலியாகக் கிடந்தது. பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள், "அங்கே லான் போடலாம்" என்றார்கள். பெண்களும் சரி என்றார்கள். புல்தரை போடுகிற ஒருவரைக் கூப்பிட்டோம். 1,000 சதுர அடி, கொரியன் புல், மண், கூலி எல்லாம் சேர்த்து 42 ஆயிரம் ரூபாய் என்று ஒரு தாளில் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். நாங்களும் தலையாட்டிவிட்டோம். கடைக்குச் சரக்கு வந்தால் பில்லில் வரி வரியாகப் பார்க்கிற நாங்கள், அந்த ஒற்றை வரியைப் பிரித்துக் கேட்கவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? அங்கேதான் தவறு தொடங்கியது. மாசி, பங்குனியில் புதுப்புளியும் புது மிளகாயும் வரத்து ஆகும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருஷத்துக்கு வேண்டிய புளியை அப்போது ரொக்கம் கொடுத்து எடுத்து வைப்பது எங்கள் அப்பா காலத்து வழக்கம். அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தில்தான் கை வைத்தோம். "ரெண்டு மாசத்தில் திருப்பி வைத்துவிடலாம்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

இனி அந்த ஒற்றை வரிக்குள் இல்லாமல் போனவற்றைக் கேளுங்கள்.

கோடை வந்ததும் முதலில் வந்தது தண்ணீர்ச் செலவு. எங்கள் ஊர் செய்யாற்றங்கரை. ஆற்றங்கரைதானே, தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆண்டில் பல மாதம் ஆற்றில் மணல்தான் தெரியும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். சித்திரையில் எங்கள் வீட்டு போர்வெல் குடிக்கவும் குளிக்கவும் மட்டுமே கொடுத்தது. புல்லுக்கு டிராக்டர் டேங்கர் வைத்தோம். 5,000 லிட்டர் டேங்கர், நடைக்கு 1,000 ரூபாய். வைகாசி முடிவதற்குள் ஆறு நடை, 6,000 ரூபாய்.

அடுத்தது கோரை. கொட்டிய மண்ணோடு கோரைக் கிழங்கும் வந்திருக்கிறது. ஆடி மாதச் சாரல் பட்டதும் கொரியன் புல்லுக்கு மேலே தலையை நீட்டியது. மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு இருக்கிறது. மறுவாரம் திரும்ப வருகிறது. களைக் கூலி மட்டும் 4,500.

ஐப்பசி மழையில் தரை அங்கங்கே உள்வாங்கிக் குளம் கட்டியது. போட்ட மண் பற்றவில்லை. இரண்டு யூனிட் கூடுதலாக அடித்து, புல்லைப் பெயர்த்து, மட்டம் செய்து திரும்பப் பதிக்க 7,000. இவை போக, ரப்பர் குழாயும் தெளிப்பானும் 5,500. புல் வெட்டும் மெஷின் 8,000. உரம், பிண்ணாக்கு வகையில் 2,000.

கூட்டிப் பாருங்கள். மேல் செலவு 33 ஆயிரம். ஆக, 42 ஆயிரம் என்று நினைத்துத் தொடங்கியது முதல் ஆண்டு முடிவில் 75 ஆயிரத்தில் வந்து நின்றது. அந்த ஆண்டு புளியை மொத்தமாக எடுக்க முடியாமல் மாதாமாதம் சில்லறையாக எடுத்தோம். வரத்து முடிந்த பிறகு விலை ஏறத்தானே செய்யும்? ஏறின விலையில் வாங்கி, பக்கத்துக் கடை விலைக்கே விற்றோம். அப்பா ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்டார்: "ஏம்பா, புளிக்கு வெச்ச காசைப் புல்லு தின்னுடுச்சா?" நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை.

புல்தரை போட்டவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் போடுகிற செலவைச் சொன்னார். காப்பாற்றுகிற செலவைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. யானை வாங்க நினைத்தவன் தீனிக்கும் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். கடை திறக்கிறவன் அலமாரி, தராசு, ஃபிரிட்ஜ் வாங்கும் செலவோடு நிறுத்துவதில்லை. வாடகை, கரண்டு, ஆள் சம்பளம் என்று மாதச் செலவையும் சேர்த்துத்தான் முதல் போடுகிறான். புல்தரையும் அப்படித்தான். போடுவது ஒருநாள் செலவு. வளர்ப்பது தினச் செலவு.

ஆகவே புல்தரை போட நினைக்கும் அன்பர்கள் முதலில் ஒரு தாளை எடுத்து நான்கு பத்தி போட வேண்டுகிறோம். விலை ஊருக்கு ஊர் மாறும், அளவு மாறாது. அளவை எழுதிக்கொண்டால் விலையை அவரவர் ஊரில் விசாரித்து நிரப்பிக்கொள்ளலாம்.

முதல் பத்தி, மண். 1,000 சதுர அடிக்கு 4 அங்குல கனம் மண் போட்டால் 333 கன அடி ஆகும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அதாவது மூன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல். தண்ணீர் பட்டால் மண் அமுங்கும் என்பதால் நான்கு யூனிட்டாக எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் போடப்பட்டது இரண்டு யூனிட் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். மண் வந்ததும் உடனே புல்லைப் பதிக்கவும் கூடாது. தண்ணீர் விட்டு இரண்டு வாரம் காத்திருந்தால் கோரை முளைத்து வரும். கிழங்கோடு தோண்டி எடுத்து, இன்னொரு முறையும் அப்படியே செய்ய வேண்டும். புல்லுக்கு முன் எடுக்கிற கோரைக்கு ஒரு கூலி; புல்லுக்குப் பின் எடுக்கிற கோரைக்கு நாலு கூலி.

இரண்டாம் பத்தி, புல். பத்தையாக வெட்டி வந்து விரிப்பது ஒரு முறை. அன்றைக்கே பச்சை தெரியும், செலவு அதிகம். புல்லைக் கணுக்கணுவாகப் பிரித்து அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் நடுவது இன்னொரு முறை. தரை மூட இரண்டு மூன்று மாதம் ஆகும், புல்லின் செலவு வெகுவாகக் குறையும். பொறுமை உள்ளவனுக்கு இதில் லாபம். வெயில் நன்றாக விழும் இடமாக இருந்தால் நம் வரப்பில் கிடக்கும் அருகம்புல்லே போதும். சீமையில் பெர்முடா புல் என்று சொல்வதும் நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிற புல்லை வாசலில் வளர்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் மர நிழலில் அது நிற்காது என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாம் பத்தி, தண்ணீர். இதைத்தான் பலரும் எழுதுவதில்லை. கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்கு சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக நாளைக்கு 465 லிட்டர்; சிந்துவது சிதறுவது சேர்த்து 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 15,000 லிட்டர். மோட்டார் ஓடும் நேரம் கூடினால் கரண்டு பில்லில் யூனிட் கூடும். யூனிட் கூடினால் கட்டண அடுக்கும் மாறும். வயலுக்குத் தந்திருக்கும் இலவச மின்சார இணைப்பிலிருந்து வீட்டுப் புல்லுக்குத் தண்ணீர் இழுக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது விவசாயத்துக்காக அரசு தருவது. அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

நான்காம் பத்தி, பராமரிப்பு. வெட்டுக் கூலி அல்லது மெஷின், உரம், களை, குழாய். இந்த நான்கையும் கூட்டி, மேலே நூற்றுக்குப் பத்து என்று எதிர்பாராச் செலவும் சேர்த்தால்தான் அது எஸ்டிமேட். மற்றதெல்லாம் வெறும் சீட்டு.

போடும் காலமும் செலவைத் தீர்மானிக்கிறது. நாங்கள் தையில் போட்டோம். வேர் பிடிப்பதற்குள் கோடை வந்துவிட்டது. ஆடி ஆவணியில் போட்டிருந்தால் மழையே பாதித் தண்ணீரைக் கொடுத்திருக்கும். அதுமட்டுமல்ல, மாசி பங்குனிக் கொள்முதலுக்கும் இடையூறு வந்திருக்காது. நம் தொழிலுக்குப் பணம் வேண்டிய காலமும் புல்லுக்குத் தண்ணீர் வேண்டிய காலமும் ஒன்றாக மோதவிடக் கூடாது என்பது நாங்கள் காசு கொடுத்துக் கற்ற பாடம்.

தண்ணீரை நாங்கள் பெரிதுபடுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனதை நாம் பார்த்தோம். வீட்டுக்கு வீடு புல்தரை வளர்க்கும் அமெரிக்காவிலேயே, நெவாடா மாநிலம் 2021இல் ஒரு சட்டம் இயற்றியது. சாலையோரத்திலும் அலுவலக வாசலிலும் யாரும் கால் வைக்காமல் வெறும் அழகுக்கு நிற்கும் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது என்பது அந்தச் சட்டம். வீட்டுப் புல்தரையை அது தொடவில்லை. ஆனால் அங்குள்ள லாஸ் வேகாஸ் பகுதியில், புல்லை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடி வைக்கும் வீட்டுக்காரருக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பணமும் கொடுக்கிறார்கள். போடுவதற்கு நாம் பணம் கொடுக்கிறோம். எடுப்பதற்கு அவர்கள் கொடுக்கிறார்கள். யோசிக்க வேண்டிய செய்தி அல்லவா?

அதற்காகப் புல்தரையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பகலெல்லாம் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு மாலையில் பச்சைப் புல்லில் கால் வைத்தால் வருகிற சுகம் எங்களுக்கும் தெரியும். வாசல் புழுதி குறைந்தது. பேரப்பிள்ளைகள் விழுந்தாலும் முட்டி தேய்வதில்லை. ஆகவே முழுவதையும் எடுத்துவிடாமல், 300 சதுர அடியை மட்டும் வைத்துக்கொண்டோம். மீதி இடத்தில் மா ஒன்று, முருங்கை ஒன்று, மல்லிகைப் பந்தல் ஒன்று. 300 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 140 லிட்டர் போதும். குளியலறைத் தண்ணீரைக் கல்வாழைப் பாத்தி வழியாகத் திருப்பிவிட்டோம். அதிலேயே பெரும்பகுதி ஆகிவிடுகிறது. போன கோடையில் டேங்கர் வைக்கவில்லை. புளியும் பழையபடி பங்குனியிலேயே வந்து இறங்கிவிட்டது.

இன்னொரு மாற்றமும் செய்தோம். வீட்டுக்கென்று மாதம் இவ்வளவு எடுப்பது என்று பேரேட்டில் தனிப்பற்று எழுதுகிறோம். தோட்டமோ, டிவியோ, எதுவானாலும் அந்தப் பற்றுக்குள்தான். கல்லாவில் அவ்வப்போது அள்ளுவது நின்றது. வீட்டுச் செலவைக் கடைச் செலவாக எழுதி வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னாலும் நம்பாதீர்கள். சொந்தச் செலவு வியாபாரச் செலவாகாது.

எங்கள் பக்கத்து ஊர் உத்திரமேரூர். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் குடவோலையில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த முறையை அது சொல்கிறது. ஏரிக்கு ஒரு வாரியம் இருந்தது போலவே தோட்டத்துக்கும் ஒரு வாரியம் இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்பது விதி. தோட்டத்தைப் பார்த்தவனும் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பழி அவனோடு நிற்காது, உறவையும் சேரும்.

அந்த விதி கல்லில் மட்டும் இருந்தால் போதாது. நம் வீட்டிலும் இருக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் பெரியவர்கள். வாசலில் புல் போடுகிறவனும் அளந்தே போடட்டும்.