செயல்திட்டம் எங்கே செய்யப்படுகிறது?

2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ரூ.706.50 கோடியில் எழுந்த அக்கட்டடம் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களுக்கானது. 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சானதைத் தொடர்ந்து இப்பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியதை மறவாதோர் இதன் பின்னணியை அறிவர். தங்குமிடம் மேம்பட்டது நன்று. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. இங்கே கைப்பேசியைப் பொருத்தும் கைகள் நம்முடையவை. அக்கைப்பேசியில் இயங்கும் செயலிகளை எழுதும் கைகள் யாருடையவை?

இவ்வினாவுக்கு அரசு தரும் விடைகளுள் ஒன்று ‘நான் முதல்வன்’ திட்டம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தின்கீழ், ஃபுல் ஸ்டாக் எனப்படும் உயர்நிலை வலை உருவாக்கம் கல்லூரிகளில் செயல்திட்டங்கள் வழியே கற்பிக்கப்படுகிறது. இம்முறை சரியானதே. உள்நுழைவுப் பாதுகாப்பு, தரவுத்தள வடிவமைப்பு, சர்வரில் ஏற்றுதல் ஆகியவை செய்து, பிழைத்து, திருத்தினால் மட்டுமே கைவருபவை. நேர்காணலிலும் வரையறையைவிட, மாணவர் தாமே உருவாக்கியது எது என்பதே எடுபடுகிறது.

ஆனால் சமத்துவமின்மை நுழையும் வாயிலும் இதுவே. விரிவுரை வகுப்பறையில் எல்லோர்க்கும் பொது. செயல்திட்டமோ பெரும்பாலும் வகுப்புக்கு வெளியே முடிக்கப்படுகிறது. அதற்கு மடிக்கணினி வேண்டும், அறுபடாத இணையம் வேண்டும், இடையூறற்ற இரவுகள் வேண்டும், பிழைச் செய்தி புரியாதபோது கேட்க ஓர் அண்ணனோ அக்காவோ வேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரி செல்லும் சேரிப் பிள்ளைக்கு இவற்றுள் எது இருக்கிறது? வார இறுதியில் ஒப்பந்தக் கூலியாக ஆலைக்குச் செல்பவருக்கு நேரமும் இல்லை. இறுதியில் ‘புராஜெக்ட் சென்டரில்’ பணம் கொடுத்து ஆயத்தமாக வாங்குகிறார், அல்லது கிட்ஹப்பிலிருந்து படியெடுக்கிறார். மதிப்பெண் வருகிறது, திறன் வருவதில்லை. பின்னர் நேர்காணலில் தோற்றவரைத் ‘தகுதியற்றவர்’ என்கிறது சந்தை.

2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டாண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது. கருவி பாதிச் சிக்கலைத்தான் தீர்க்கும். நேரமும் வழிகாட்டியும் மறுபாதி.

சட்டத்தின் கண்கொண்டும் இதைப் பார்க்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பிரிவு 3ஏ-இன்படி, குறித்துரைக்கப்பட்ட தொழில்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டியது வேலையளிப்பவரின் கடமை. தனியார் ஆலைக்கும் இது பொருந்தும். உதவித்தொகையும் சட்டப்படியானது. ஆனால் மென்பொருள் நிறுவனம் அதே பயிற்சியைப் பழகுநர் ஒப்பந்தமின்றி ‘இன்டர்ன்ஷிப்’ என்று அழைத்துவிட்டால், இப்பாதுகாப்பு எதுவும் அதற்குள் நுழைவதில்லை. 2007-இல் சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, தகுதி சமமாக இருந்தும் தலித் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு நேர்காணல் அழைப்பு கிடைக்கும் வாய்ப்பு குறைவதைக் காட்டியது. விருப்பத்துக்கு விடப்பட்ட வாசல் யாருக்குத் திறக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எதைச் செய்யச் சொல்கிறோம் என்பதும் அரசியலே. உணவு விநியோகச் செயலியின் நகலையும் இணையக் கடையின் நகலையும் ஆண்டுதோறும் செய்யவைப்பதைவிட, நம் மக்களுக்குப் பயன்படும் ஒன்றைச் செய்யவைக்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளைப் பின்தொடரும் ஒரு வலைச் செயலியை எடுத்துக்கொள்வோம். விதிகளின்படி 60 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். நிவாரணம் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தண்டனை எனப் படிநிலைகளில் வழங்கப்பட வேண்டும். இக்காலக்கெடுக்களைக் கணக்கிட்டு எச்சரிக்கை அனுப்பும் நிரலை எழுதுபவர், தரவுத்தளத்தையும் பின்னணிப் பணிகளையும் கற்கிறார். பாதிக்கப்பட்டோர், வழக்கறிஞர், களப்பணியாளர் ஆகியோருள் யார் எதைக் காணலாம் என வரையறுப்பவர் அணுகல் கட்டுப்பாட்டைக் கற்கிறார். சாட்சியின் பெயரும் முகவரியும் ஏன் மறைக்கப்பட வேண்டும் என்று வினவும்போது, பிரிவு 15ஏ வழங்கும் உரிமைகளையும் சேர்த்தே கற்கிறார். மலிவுக் கைப்பேசியில், மெதுவான இணையத்தில், தமிழில் இயங்கச் செய்வது எந்நிறுவனமும் மதிக்கும் உயர்நிலைத் திறன்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. செயல்திட்டம் கல்லூரி நேரத்திற்குள், ஆய்வகத்தில், வழிகாட்டியுடன் நடைபெற வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இரவிலும் திறந்திருக்கும் கணினி அறைகள் வேண்டும். நிறுவனப் பயிற்சிகள் பழகுநர் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட வேண்டும். ‘நான் முதல்வன்’ பயிற்சியை முடித்தோர், வேலை பெற்றோர் விவரங்களைச் சமூகவாரியாக அரசு வெளியிட வேண்டும். மொத்த எண்ணிக்கை விளம்பரத்திற்குப் போதும். சமூக நீதிக்குப் போதாது.

வல்லம் வடகாலில் நம் பெண்களுக்குப் படுக்கை கிடைத்திருக்கிறது. அவர்களின் தம்பி தங்கையருக்கு மேசையும் கணினியும் நேரமும் கிடைக்க வேண்டும். அவை சலுகைகள் அல்ல, உரிமைகள்.