'இனிமே எனக்கென்னப்பா இருக்கு?' - ரிட்டயர் ஆன பெற்றோருக்கும் இலக்கு வேண்டுமா?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைத் தொட்டவர்கள் 10.4 சதவீதம். 2031-ல் இது 18.2 சதவீதம் ஆகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் சீனியர் சிட்டிசன்.

மாநில அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 60. அதற்குப் பிறகும் 15, 20 வருட வாழ்க்கை இருப்பது இன்று சகஜம். பென்ஷன், இன்ஷூரன்ஸ், ஹெல்த் செக்கப் பற்றியெல்லாம் பேசும் வீடுகளில்கூட, 'அந்த வருஷங்களில் என்ன செய்ய ஆசை?' என்று யாரும் கேட்பதில்லை.

ஏன் இந்த வெறுமை?

நம் நடுத்தரக் குடும்பங்களில் பெற்றோரின் இலக்குகள் எல்லாம் குடும்பத்தின் இலக்குகள்தான். பிள்ளைகள் படிப்பு, வீட்டு லோன், மகள் கல்யாணம். 'கடமை முடிஞ்சுது' என்ற நிம்மதியோடு லிஸ்ட்டும் காலியாகிவிடுகிறது.

அம்மாக்களின் கதை வேறு. சமையலறையில் இருந்து யாரும் ரிட்டயர் ஆவதில்லை. கூடவே பேரக்குழந்தை பொறுப்பும் வந்து சேர்கிறது. அவர்களிடம் இல்லாதது ஆசை அல்ல, நேரம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த சுமார் 7,000 பேரிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. வாழ்க்கையில் ஒரு நோக்கம் இருப்பதாக உணர்ந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. நோக்கம்தான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆரோக்கியமாக இருப்பவருக்கு நோக்கம் வைத்துக்கொள்வதும் எளிது.

1976-ல் வெளியான இன்னொரு ஆய்வு நம் வீடுகளுக்கு நெருக்கமானது. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு பிரிவினரிடம் செடி கொடுத்து, 'இதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் அறையை எப்படி வைப்பது என்பதும் உங்கள் முடிவு' என்றார்கள். இன்னொரு பிரிவினருக்கும் செடி உண்டு, ஆனால் தண்ணீர் ஊற்றுவது ஊழியர்கள். மூன்று வாரத்தில் முதல் பிரிவினர் அதிக உற்சாகத்துடன் இருந்தார்கள்.

'நீங்க ரெஸ்ட் எடுங்க, நாங்க பாத்துக்கிறோம்' என்று பாசத்தில் சொல்கிறோமே, அது இரண்டாவது பிரிவு.

எப்படி ஆரம்பிப்பது?

* உங்கள் இலக்கைத் திணிக்காதீர்கள். 'சுகருக்கு வாக்கிங் போங்கப்பா' என்பது உங்கள் கவலை. 'ஆறு மாசத்துல திருவண்ணாமலை கிரிவலம் முழுசா நடக்கணும்' என்று அவரே சொன்னால் அது இலக்கு. 14 கிலோமீட்டர் என்பதால், டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஒரு கிலோமீட்டரில் தொடங்கலாம். வாக்கிங் தானாக நடக்கும்.

* பழையதைக் கிளறுங்கள். 'ஏதாவது ஹாபி வச்சுக்கோங்க' என்றால் பதில் வராது. 'கல்யாணத்துக்கு முன்னாடி என்ன பிடிச்சிருந்துச்சும்மா?' என்றால் வரும். பாதியில் விட்ட பாட்டாக இருக்கலாம், எழுதாமல் போன டிகிரி பரீட்சையாக இருக்கலாம்.

* நேரத்தைக் கொடுங்கள். வாரம் இரண்டு சாயங்காலம் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளத் தயாரா? இல்லை என்றால் அம்மாவிடம் இலக்கு பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

* ஆபீஸ் டார்கெட் ஆக்காதீர்கள். வயது ஏற ஏற, மனிதர்கள் சாதனையைவிட மனதுக்கு நெருக்கமானதையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்கிறார் ஸ்டான்ஃபோர்ட் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன். பழைய நண்பர்களைத் தேடிப் பார்ப்பதும் இலக்குதான்.

'இந்த வயசுலயா?' என்று தயங்கினால் கேரளாவின் கார்த்தியாயினி அம்மாவைச் சொல்லுங்கள். 2018-ல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 வாங்கியவர்.

எப்போது கவனம் தேவை?

பிடித்த விஷயங்களிலும் ஆர்வம் போய், தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் குறைந்தால் அது சோம்பேறித்தனம் அல்ல. மனச்சோர்வாக இருக்கலாம். அறிவுரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416.

அப்படி எதுவும் இல்லாமல், 'நான் இப்படியே நல்லாத்தான் இருக்கேன்' என்று அப்பா சொன்னால்? விட்டுவிடுங்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான். இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.