‘சதை போட்டுவிட்டாயே’ என்னும் சொல்லைத் தவிர்ப்போம்

நம் ஊர்ப்பக்கத்துக் காதணி விழாக்களில், நெடுநாள் கழித்துப் பார்க்கும் பெண்ணிடம் உறவினர் கேட்பவை பெரும்பாலும் இரண்டு. ‘நன்றாக மெலிந்துவிட்டாயே, எப்படி?’ என்பது ஒன்று. ‘சதை போட்டுவிட்டாயே’ என்பது மற்றொன்று. முன்னது பாராட்டு, பின்னது கேலி. இரண்டிலும் தீய எண்ணம் இல்லை. ஆயினும், உணவைக் குறைத்துக்கொண்டும் உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டும் பல ஆண்டுகள் நலிந்து, இப்போது தேறிவரும் பெண்ணுக்கு முதற்சொல் நோயை வளர்த்த சொல். இரண்டாவது அவரை மீண்டும் நோய்க்குள் தள்ளக்கூடிய சொல்.

இந்நோய் நற்பழக்கத்தின் உருவில் வருவதால் வீட்டார் கண்ணில் எளிதில் படுவதில்லை. விடியுமுன் ஓடினால் சுறுசுறுப்பு என்கிறோம். இரவு உணவைத் தவிர்த்தால் விரதம் என்கிறோம். எல்லோரும் உண்டபின் உண்பதே பெண்களுக்கு வழக்கமாக உள்ள வீட்டில், அவர் உண்டாரா என்று யாரும் பார்ப்பதில்லை.

நீரிழிவும் உடற்பருமனும் உள்ளோர்க்கு நடைப்பயிற்சியும் அளவான உணவும் தேவை என்பதில் மாற்றமில்லை. ஆனால் காய்ச்சலிலும் கால்வலியிலும்கூட ஓட்டத்தை நிறுத்த இயலாமை, ஒருநாள் தவறினால் அச்சமும் குற்றவுணர்வும், பிறரோடு உண்ண மறுத்தல், உழைத்துக் களைத்தால்தான் சோற்றுக்கு உரிமை என்னும் எண்ணம் ஆகியவை தோன்றினால் அது கட்டுப்பாடன்று, நோய். போதிய உணவு கிடைக்காத உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. மாதவிடாய் நிற்கிறது, எலும்பு வலுவிழக்கிறது, இதயத்துடிப்பு தளர்கிறது, எந்நேரமும் குளிர்கிறது, முடி உதிர்கிறது. பார்வைக்கு மெலியாத உடலிலும் இவை நிகழலாம்.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி கெயின் 2013இல், தம் 17ஆம் வயதில், மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியில் ஓடியவர். எடையைக் குறைக்குமாறு பயிற்சியில் தொடர்ந்து வற்புறுத்தப்பட்டதால் மூன்றாண்டுகள் மாதவிடாய் நின்றதையும், ஐந்து எலும்புகள் முறிந்ததையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்ததையும் 2019இல் அவரே வெளிப்படையாகக் கூறினார். உழைப்புக்கு ஈடாக உணவு கிடைக்காமல் விளையாட்டு வீரர்க்கு நேரும் இந்நிலையைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இலேயே தனிப்பெயரிட்டு எச்சரித்திருந்தது. காவலர் தேர்வுக்காக மைதானத்தில் ஓடும் நம் பிள்ளைகளின் பெற்றோரும் இதை அறிந்திருத்தல் நன்று.

தேறுதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை உணர்த்த ஒரு பழைய ஆய்வு உதவும். 1945இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், தாமே முன்வந்த நலமான ஆடவர் 36 பேருக்கு 24 வாரங்கள் குறைந்த உணவளித்து, வாரந்தோறும் சுமார் 35 கிலோமீட்டர் நடக்கச் செய்தார். அவர்கள் எடையில் ஏறத்தாழ கால்பங்கை இழந்தனர். எந்நேரமும் உணவையே எண்ணினர். சமையல் நூல்களைச் சேர்த்தனர். சிடுசிடுப்பும் சோர்வும் கொண்டு பிறரிடமிருந்து ஒதுங்கினர். மீண்டும் உணவளித்தபோதும் உடனே தேறவில்லை. வயிறு நிறைய உண்டும் பசி அடங்காத நிலை சிலருக்குப் பல மாதங்கள் நீடித்தது. மனவுறுதி குறைந்ததால் அவர்கள் அவ்வாறு ஆகவில்லை. பட்டினியே அவர்களை அவ்வாறு ஆக்கிற்று.

ஆகவே, தேறிவரும் பெண் வழக்கத்தைவிட மிகுதியாக உண்ணலாம். ஓட்டத்தை முற்றிலும் நிறுத்தியிருக்கலாம். வயிறும் முகமும் உப்பியதுபோல் தோன்றலாம். பார்ப்போர்க்குச் சோம்பலும் பெருந்தீனியுமாகத் தெரியும் இக்காலமே அவர் நலம்பெறும் காலம். அவருக்குச் சோறு மருந்து, ஓய்வும் மருந்து. மருந்துண்பவரை நாம் கேலி செய்வதில்லையே.

குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது சிலவே. அவரோடு ஒரே நேரத்தில் அமர்ந்து உண்ணுங்கள். இலையில் உள்ளதை எண்ணாதீர்கள். உடலைப் பற்றிப் பாராட்டாகவும் பேசாதீர்கள்; ‘உடம்பு தேறிவிட்டது’ என்னும் அன்பான சொல்லும் அவர் காதில் வேறாக ஒலிக்கும். ‘வந்தது மகிழ்ச்சி, உட்கார்’ என்பது போதும். உறவினர் கேலி செய்தால் அவர் விடைசொல்லக் காத்திராமல் நீங்களே பேச்சை மாற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மிகவும் மெலிந்தவர்க்கு ஒரே நாளில் மிகுந்த உணவளித்தால் இரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் திடீரெனக் குறைந்து இதயத்திற்கே தீங்கு நேரலாம். எனவே தொடக்கம் மருத்துவர் மேற்பார்வையிலேயே அமையவேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, நின்றுபோன மாதவிடாய் ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்கவேண்டாம். மனநல ஆலோசனையும் இச்சிகிச்சையின் ஒரு பகுதியே. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. டெலி மானஸ் தொலைபேசி எண் 14416இல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

சில ஆண்டுகளில் விளைந்த நோய் சில வாரங்களில் நீங்காது. இடையில் சறுக்கலும் நேரும். அடுத்த விழாப் பந்தியில் அவர் இரண்டாம் முறை சோறு கேட்டால், யாரும் திரும்பிப் பாராமல் பரிமாறட்டும். நம்மால் செய்யக்கூடிய பெரிய உதவி அதுவே.